தொட்டுப் பார்த்த கைகள்: தொழுநோயின் வரலாறும் தோல் மருத்துவத்துக்கு நாம் பட்ட கடனும்



நாங்கள் களப்பணி செய்யும் பேரூராட்சி ஒன்றில் தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய இடது முழங்கைக்குக் கீழே நாணயம் அளவுக்கு ஒரு வெளிறிய தேமல். அரிப்பில்லை, வலியில்லை. ஒன்றரை வருடமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தனியார் கிளினிக்குக்கும் போயிருக்கிறார். அங்கே டாக்டர் நாற்காலியை விட்டு அசையாமல், "என்ன வேலை பாக்குற?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டிலும் களிம்புதான்.

நாங்கள் அவரை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்தவர் இளம் மருத்துவர். அக்காவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பேனா முனையால் கையில் அங்கங்கே மெல்லத் தொட்டு, "எங்க தொட்டேன், விரல வச்சுக் காட்டுங்க" என்றார். மற்ற இடங்களையெல்லாம் சரியாகக் காட்டிய அக்கா, தேமலுக்குள் தொட்டபோது மட்டும் ஒன்றும் காட்டவில்லை. பிறகு மருத்துவர் அவர் கையை மடக்கி, முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதங்களையும் பார்த்தார். தொழுநோயின் ஆரம்ப நிலை. 6 மாத மாத்திரை. முழுக்க இலவசம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தத் தம்பி என் காலத் தூக்கி மடியில வச்சுப் பாத்துச்சு, பாத்தீங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன வருசத்துல எந்த டாக்டரும் என்னத் தொட்டதில்ல" என்றார்.

நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது மருத்துவருடைய வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறார். அதை ஒரு பெண் பெரும் மரியாதையாக நினைக்கும்படி வைத்திருக்கிறது இந்தச் சமூகம். தோல் மருத்துவத்தைப் பற்றி நாம் பேசவேண்டிய இடம் இதுதான். முகப்பரு, முடி உதிர்வு, லேசர், பளபளப்பு என்று விளம்பரங்கள் நமக்கு அறிமுகப்படுத்திய தோல் மருத்துவம் வேறு. அதற்கு முன்பே ஒரு வரலாறு இருக்கிறது. ஊர் தொட மறுத்த உடலைத் தொட்டுப் பார்த்ததில் தொடங்கிய வரலாறு அது. அதில் நாம் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டிய பக்கங்களும் இருக்கின்றன.

பாவம் என்ற பழி

பிறப்பைக் கர்மத்தின் கணக்காக்கிய அதே சிந்தனைதான் தோல் நோயையும் கர்மத்தின் கணக்காக்கியது. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயத்தைப் புரட்டினால், எந்தப் பாவத்துக்கு எந்த உடற்குறை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. தோல் நோயும் அதில் உண்டு. குரு மனைவியைக் கூடிய பாவத்தின் அடையாளமாம். நோயாளிக்கு மருந்து தேடுவதற்கு முன்பே குற்றவாளிப் பட்டம் தயாராக இருந்தது.

இது புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய இந்து வாரிசுரிமையில், கடுமையான தொழுநோய் இருந்தால் சொத்தில் பங்கு கிடையாது. 1928இல் வந்த ஒரு சட்டம்தான் நோயைக் காரணம் காட்டிப் பங்கை மறுக்கும் வழக்கத்தை நீக்கியது. சொத்துள்ள குடும்பங்களிலேயே நிலை இதுவென்றால், கூலியைத் தவிர எதுவும் இல்லாத குடும்பங்களில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு மிச்சம் இருந்தது தெருவும் கோயில் வாசலும்தான்.

பெயர்களையும் பாருங்கள். பெருவியாதி, குஷ்டம், குஷ்டரோகி. நோயின் பெயரே மனிதரின் பெயராகி, பிறகு வசைச் சொல்லாகவும் ஆனது. தொற்றவே தொற்றாத, தொழுநோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெண்புள்ளிகளைக்கூட 'வெண்குஷ்டம்' என்று சொல்லி எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை முடக்கினார்கள். சாதிப் பெயரை வசையாக்கும் சமூகத்துக்கு இது கைவந்த கலை.

கிருமி தெரிந்தது, பயம் போகவில்லை

1873இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் திசுக்களில் ஒரு நுண்கிருமியைக் கண்டார். அதுவரை இது பரம்பரை நோய் என்பதே ஐரோப்பிய மருத்துவத்தின் பெரும்பான்மைக் கருத்து. பாவமும் இல்லை, பரம்பரையும் இல்லை, இது ஒரு கிருமி என்று காட்டியது பெரிய காரியம். அதனால்தான் இன்றும் இதை ஹான்சன் நோய் என்கிறோம்.

அதே ஹான்சன், கிருமி தொற்றும் என்று நிரூபிக்க, ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய சம்மதம் இல்லாமல் நோய்த் திசுவைச் செலுத்திப் பார்த்தார். அந்தப் பெண்ணின் தரப்பில் வழக்கு நடந்தது. 1880இல் நீதிமன்றம் அவரைத் தொழுநோய் மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. மருத்துவரைப் பாராட்டுவோம், ஆனால் சாமியாக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். உடல் அந்தப் பெண்ணுடையது. அதன்மீது உரிமையும் அவருடையதே.

கிருமி தெரிந்ததால் பயம் குறையவில்லை, கூடியது. ஹவாய்த் தீவுகளில் மொலோகாய் குடியிருப்பில் நோயாளிகளோடு வாழ்ந்த டேமியன் பாதிரியார் 1889இல் அதே நோயால் இறந்தார். செய்தி லண்டனை உலுக்கியது. நிதி திரட்டினார்கள், இந்தியாவுக்கு ஆணையம் ஒன்றை அனுப்பினார்கள். 1890-91இல் நாடெங்கும் சுற்றிய அந்த ஆணையம், இந்த நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, கட்டாயமாகப் பிரித்து வைக்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. லண்டனில் இருந்த குழுவுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

சில ஆண்டுகளில் சட்டம் வந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம். அது யாரைப் பிடித்து அடைக்கச் சொன்னது தெரியுமா? எல்லா நோயாளிகளையும் அல்ல, 'ஏழைத் தொழுநோயாளி'யை. பொது இடத்தில் பிச்சை கேட்பவர், பிழைக்க வழியின்றித் திரிபவர் என்று சட்டமே விளக்கம் தந்தது. அப்படிப்பட்டவரைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். வசதியுள்ள நோயாளி தன் வீட்டு மாடியறையில் இருந்துகொள்ளலாம். கிருமிக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

கிணறும் குளமும்

அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவை நம் இளம் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தொழுநோயாளி உணவுப் பொருள் விற்கக் கூடாது. வாடகை வண்டியில் ஏறக் கூடாது. உள்ளாட்சி விதி தடுத்திருக்கும் பொதுக் கிணற்றிலோ குளத்திலோ குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, தண்ணீர் எடுக்கக் கூடாது.

இந்தப் பட்டியலை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? உணவு, வண்டி, கிணறு, குளம். சேரி மக்களுக்கு ஊர் எழுதாமலே வைத்திருந்த சட்டம் இதுதான். 1927 மார்ச் 20 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது எதை எதிர்த்து என்று நமக்குத் தெரியும்.

இரண்டும் ஒன்றே என்று நாங்கள் சொல்லவில்லை. தொழுநோய் எல்லாச் சாதியினருக்கும் வரும், மருந்தால் தீரும். தீண்டாமை பிறப்பிலேயே ஒட்டப்படுவது, அதற்கு மாத்திரை கிடையாது. ஆனால் இந்தச் சமூகம் யாரையாவது விலக்கி வைக்க முடிவு செய்தால் அதன் கைவசம் இருக்கும் முறை ஒன்றுதான். ஊருக்கு வெளியே இடம், தனிக் குவளை, தனித் தண்ணீர், திருமணத் தடை. சாதி பழக்கிக் கொடுத்ததை நோய்க்கும் நீட்டினார்கள். ஏற்கெனவே ஊருக்கு வெளியே இருந்தவருக்கு இந்த நோயும் வந்தால், சேரியிலிருந்தும் வெளியே போக வேண்டியதாயிற்று.

நீரடிமுத்திலிருந்து செங்கல்பட்டு வரை

கிருமியைக் கண்டு ஏறக்குறைய 70 ஆண்டுகள் உருப்படியான மருந்து இல்லை. இருந்தது ஒரு மரத்தின் எண்ணெய். நம் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்பார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த சௌல்மூக்ரா எண்ணெயை உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். குடித்தால் குமட்டும். ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும்.

அந்த எண்ணெயை உடம்பு ஏற்கும் ஊசி மருந்தாக மாற்றியவர் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர். ஹவாய்க் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். 1916இல் தன் 24ஆம் வயதில் இறந்துபோனார். அவருடைய ஆய்வைக் கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். ஆலிஸ் பாலின் பெயர் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்பது நமக்குப் புதிதில்லை. தோல் மருத்துவத்துக்கு நன்றி சொல்லும் நாளில் முதலில் உச்சரிக்க வேண்டிய பெயர்களில் ஒன்று இவருடையது.

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து தொழுநோயைக் கட்டுப்படுத்துவது தெரியவந்தது. அதற்கு அடுத்த அத்தியாயம் நம் செங்கல்பட்டில் நடந்தது. அங்கே திருமணியில் 1924இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் பணியாற்றியவர் ராபர்ட் காக்ரேன். அந்த வகை மருந்துகளின் மூலப்பொருளான டாப்சோனை 1946 வாக்கில் அவர் நோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் நைஜீரியாவில் ஜான் லோ, சிறிய அளவில் அதை மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். விலை மலிவான மருந்து என்பதால் கூலித் தொழிலாளியின் கைக்கும் அது எட்டியது.

1947இல் காக்ரேன், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டைச் செங்கல்பட்டுக்கு அழைத்துக் காட்டினார். பிராண்ட் தோல் மருத்துவர் அல்ல, எலும்பும் கையும் படித்தவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த அந்தக் கை, பிராண்டுக்கு வலிக்கும்படி இறுக்கியது. தசைகள் உயிரோடு இருக்கின்றன, சில நரம்புகள்தான் செயலிழந்திருக்கின்றன என்பது அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்களை நீட்ட முடியும் என்பது அதிலிருந்து வந்த சிகிச்சை. கையைத் தொடாமல் இருந்திருந்தால் அவருக்கு இது தெரிந்தே இருக்காது.

இன்னொரு மூடநம்பிக்கையும் அங்கே உடைந்தது. தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்றுதான் நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விரல் உதிர்வதில்லை. உணர்ச்சி இல்லாததால் அடுப்பில் சுட்டாலும், ஆணி குத்தினாலும், தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. காயம் மேல் காயமாகி விரல் குறைந்துபோகிறது. அப்படியென்றால் காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாற்றலாம். அதற்காக உருவானதுதான் மென்மையான ரப்பர் அடித்தளம் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் இந்தச் செருப்பு வேலை சிகிச்சையின் ஒரு பகுதியாக வளர்ந்தது. செருப்புத் தைப்பதை இழிதொழில் என்று ஒதுக்கிய நாட்டில், ஒரு காலை வெட்டாமல் காப்பாற்றியது ஒரு செருப்பு. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1955இல் இந்திய அரசு திருமணி இல்லத்தை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. அதன் இயக்குநராக இருந்த தர்மேந்திராவின் பெயரால், தொழுநோய்க்கு எதிரான உடலின் எதிர்ப்பாற்றலை அறியும் லெப்ரோமின் தோல் சோதனை மருந்து ஒன்று இன்றும் வழங்கப்படுகிறது. இவர்களைத் தவிர, பெயர் எங்கும் பதியாத ஒரு பெரும் கூட்டம் இருந்தது. நம் பெற்றோர் படித்த பள்ளிகளுக்கு வந்து, பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கவைத்து, முதுகைப் பார்த்துத் தேமல் தேடினார்களே, அந்த 'லெப்ரசி இன்ஸ்பெக்டர்'கள். சைக்கிளில் தெருத்தெருவாகப் போனவர்கள். ஊர்த் தெருவின் முதுகையும் சேரித் தெருவின் முதுகையும் ஒரே கையால் தொட்டுப் பார்ப்பதுதான் அவர்களுடைய வேலையின் விதி.

நோயாளிகள் தரப்பில் எழுதியவர்களும் உண்டு. தொழுநோயால் பாதிக்கப்பட்டு, பிறகு அந்த நோயாளிகளுக்காகவே உழைத்த டி.என். ஜெகதீசன் தன் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவர் ஆங்கிலம் கற்றவர், பெரிய மனிதர்களின் நட்பு வாய்த்தவர். 1898 சட்டத்தில் தெருவிலிருந்து பிடிக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்த வரலாற்றில் மருத்துவர்களின் குரல்தான் அதிகம் கேட்கிறது என்பதை மறக்காமல் படிப்போம்.

குணமான பிறகும்

டாப்சோன் மட்டும் கொடுத்ததில் கிருமி பழகிக்கொண்டது. மருந்துக்கு அடங்காத கிருமி 1964இல் மலேசியாவில் உறுதி செய்யப்பட்டது. அதனால் 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983இல் இந்தியாவின் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் வந்தது. ஐந்து தேமல்கள் வரை இருந்து கிருமி குறைவாக இருந்தால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம் என்பது நடைமுறை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது. மனிதர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே இருக்கிறது.

இதில் ஒரு விஷயம். குளோபாசிமின் மாத்திரை தோலைச் சில காலம் செம்மை கலந்த கருப்பாக்கும். மருந்து நின்றால் மெதுவாக மாறிவிடும். ஆனால் கருப்பை இழிவாகப் பார்க்கும் ஊரில் அந்த நிறமே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். நிறத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்களைக் களத்தில் பார்த்திருக்கிறோம். நிறவெறி ஒரு கருத்து மட்டுமல்ல, ஒரு மனிதரின் சிகிச்சையையே கெடுக்கக்கூடியது.

2005 இறுதியில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியதாக இந்தியா அறிவித்தது. 'ஒழித்துவிட்டோம்' என்று பொதுப்புத்தியில் பதிந்துபோனது. இன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1 லட்சம் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான்.

மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சட்டம் எங்கே நின்றது? 2008இல், ஒடிசாவில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கத் தொழுநோயாளிக்குத் தடை விதித்த சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்தால் தீரும் நோய் என்பது ஊருக்கே தெரிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு! 2015இல் சட்ட ஆணையம் தன் 256ஆம் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டுச் சட்டங்களையெல்லாம் நீக்கச் சொன்னது. 1898 சட்டம் 2016இல்தான் மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. 118 ஆண்டுகள். கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019இல்தான் நீங்கியது. 6 முதல் 12 மாதத்தில் தீரும் நோய்க்கு இத்தனை தண்டனை.

இன்று நம் தோல்

இந்தியாவில் தோல் மருத்துவ மேற்படிப்பின் முழுப்பெயரைக் கவனியுங்கள். தோல், பால்வினை நோய், தொழுநோய் மருத்துவம். 1973இல் உருவான அவர்களின் தேசியச் சங்கத்தின் பெயரிலும் இந்த மூன்றும் உண்டு. வெளியே சொல்ல ஊர் கூச வைக்கும் மூன்று நோய்களும் ஒரே மருத்துவரிடம். அவருடைய அறைக்குள் நுழையும் மனிதர் நோயோடு சேர்த்து அவமானத்தையும் சுமந்துகொண்டுதான் வருகிறார். அந்த அவமானத்தைக் கூட்டாமல், நோயை மட்டும் பார்க்கத் தெரிந்த ஒவ்வொரு தோல் மருத்துவருக்கும் நாங்கள் நன்றி சொல்கிறோம்.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும் 'சிவப்பாக்கும்' களிம்புகளிலும், படர்தாமரைக்கு என்று விற்கும் கலவைக் களிம்புகளிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் பலன் தெரியும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, படர்தாமரை அடங்காமல் பரவும். இதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்கள் தோல் மருத்துவர் சங்கத்தினர்தான். 2018இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதி திருத்தியது. விதி இருக்கிறது, கடையில் களிம்பும் கிடைக்கிறது. அக்கா ஒன்றரை வருடம் தடவியதும் அப்படி வாங்கியதுதான்.

கேள்விகளும் உண்டு. தோல் மருத்துவர்கள் நகரங்களில் குவிந்திருப்பது ஏன்? வெள்ளையாக்கும் வியாபாரத்தில் அவர்களில் சிலரே பங்கெடுப்பது ஏன்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் குரோமியம் கலந்த தண்ணீரில் கையை விட்டு வேலை செய்யும் தொழிலாளியின் கை யாருடைய ஆய்வில் இருக்கிறது? வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிலத்தையும் நீரையும் மையமாக வைத்தது. தொழிலாளியின் தோல் அந்தப் பேச்சின் நடுவே வரவில்லை. சிமெண்டிலும் குரோமியம் உண்டு. சித்தாள் வேலை செய்யும் பெண்களின் கைகளில் வெடிப்பைப் பாருங்கள். சாக்கடையில் இறங்குபவர், குப்பை பிரிப்பவர் உடம்பில் தீராத சொறியைப் பாருங்கள். இதைப் பார்த்துவிட்டு 'அவங்க சுத்தமா இருக்க மாட்டாங்க' என்கிறது ஊர். கையுறை கொடுக்காத ஒப்பந்தக்காரரை யாரும் அசுத்தம் என்று சொல்வதில்லை.

அதனால் நம் இளம் தோழர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறோம்.

முதலில், நம் தெருவில் தோலைப் பார்க்கப் பழகுவோம். வெளிறிய அல்லது செம்மை படிந்த தேமலில் உணர்ச்சி இல்லையென்றால், கை கால் மரத்துப்போனால், காயம் பட்டது தெரியவில்லையென்றால், உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். கூடவே போவோம். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, தொழில் செய்யும் இடத்தில் வந்த தோல் நோய் என்றால் மருத்துவரிடம் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் தோல் நோய்களும் இடம்பெற்றிருந்தன. கையில் தாள் இல்லாமல் இந்த உரிமையைக் கேட்க முடியாது. தோல் மருத்துவரின் ஒரு வரி அங்கே பெரிய சாட்சி.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களும் அடங்குவர். குணமான பிறகும் கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சான்றிதழ், உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு பெற்றுத் தருவோம்.

நான்காவது, மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் தோல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கிளினிக் வைத்துச் சம்பாதிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் தங்கள் தெருவுக்கு வந்து நம் மக்களின் கையைப் பிடித்துப் பார்க்கட்டும்.

அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. சட்டம் சொன்னதும் ஊரின் கை நீண்டுவிடவில்லை. மருத்துவமனையின் அந்தச் சின்ன அறையில் மட்டும், ஒரு பேனா முனையோடு, ஒரு கை நீண்டது. அந்தத் தம்பிக்கு நாங்கள் யார் என்று தெரியாது. அக்காவின் சாதியையும் அவர் கேட்கவில்லை. "பொறுமையா நடங்க, செருப்பில்லாம நடக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அக்கா 6 மாத மாத்திரையை ஒரு நாள் விடாமல் முடித்துவிட்டார். தேமல் மங்கிவிட்டது. பேரூராட்சியிடம் கையுறைக்கும் பூட்ஸுக்கும் மனு கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது.

ஜெய் பீம்!